பல வடிகட்டிகள் கொண்ட தேடல் படிவம்: தமிழ்ப் புத்தகத் தளத்துக்கு ஒன்று கட்டும்போது

பத்தாயிரம் தலைப்புகள் கொண்ட ஒரு தமிழ்ப் புத்தக விற்பனைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். பதிப்பகம், வகை, எழுத்தாளர், விலை, பதிப்பு ஆண்டு, இருப்பு என்று வாசகர் ஐந்தாறு விதமாகச் சலித்தெடுக்க வேண்டும். படிவத்தை வரைவது அரை நாள் வேலை. தலைவலி அதற்கப்புறம்தான். எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் என்ன பொருள், இரண்டு பதிப்பகங்களை டிக் செய்தால் ‘அல்லது’ என்று கொள்வதா ‘மற்றும்’ என்று கொள்வதா, ஒவ்வொரு தேர்வுக்கும் பக்கத்தில் போடும் எண் எதை எண்ணிச் சொல்கிறது? இவற்றை முடிவு செய்யாமல் உட்கார்ந்தால் கோடு (நிரல் வாசகம்) ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒரு ‘இஃப்’ நிபந்தனை என்று வளரும். ஏழாவது வடிகட்டி சேர்க்கச் சொல்லும்போது அந்த ஃபைலைத் தொடவே யாருக்கும் தைரியம் வராது.

எனவே முதலில் எழுத வேண்டியது ஒரு பட்டியல். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ஒரு வரி: யூஆர்எல்லில் அதன் பெயர், அது எந்த வகை (பலவற்றில் தேர்வு, எண் வரம்பு, ஆம்-இல்லை, எழுத்துத் தேடல்), டேட்டாபேஸில் எந்தப் புலத்தைப் பார்க்கிறது, என்ன மதிப்புகள் செல்லும். படிவத்தை வரையும் கோடும், யூஆர்எல்லைப் படிக்கும் கோடும், குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) கட்டும் கோடும், எண்ணிக்கை எடுக்கும் கோடும் இந்த ஒரே பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். புதிதாக ‘அட்டை வகை’ என்று ஒரு வடிகட்டி வந்தால் பட்டியலில் ஒரு வரி கூடும், அவ்வளவே. இதே தகவலை நான்கு இடங்களில் தனித்தனியாக எழுதி வைத்தால், ஒன்றை மாற்றி மற்றொன்றை மறந்த கதை வாரத்துக்கு ஒருமுறை நடக்கும்.

பொருள் பற்றிய முடிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வழக்கம் ஏற்கெனவே உண்டு. ஒரே தொகுதிக்குள் ‘அல்லது’, தொகுதிகளுக்கு இடையே ‘மற்றும்’. நாவல், சிறுகதை இரண்டையும் டிக் செய்தவர் இரண்டில் எதுவானாலும் பார்க்க விரும்புகிறார். அத்தோடு ஒரு பதிப்பகத்தையும் டிக் செய்தால் அந்தப் பதிப்பகத்தின் நாவலும் சிறுகதையும் மட்டும் வேண்டும். குறிச்சொற்கள் மட்டும் விதிவிலக்கு. ‘பயணம்’, ‘இலங்கை’ என்று இரண்டு குறிச்சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் இரண்டும் பொருந்தும் புத்தகத்தைத்தான் தேடுகிறார். அந்தத் தொகுதிக்கு ‘மற்றும்’ என்று பட்டியலிலேயே குறித்துவிடலாம்.

யூஆர்எல்லே நினைவு

தேர்வுகள் யூஆர்எல்லிலேயே தெரியும்படி, படிவத்தை கெட் முறையில் அனுப்ப வேண்டும். அவை யூஆர்எல்லில் வராத போஸ்ட் முறையில் அனுப்பினால் தேடல் முடிவை வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்ப முடியாது, புக்மார்க் செய்ய முடியாது, பக்கத்தைப் புதுப்பித்தால் ‘மீண்டும் அனுப்பவா’ என்று பிரௌசர் கேட்கும். செஷனில், அதாவது ஒவ்வொரு வாசகருக்கும் சர்வர் வைக்கும் தற்காலிக நினைவில், சேமித்து வைப்பது இன்னும் மோசம்: இரண்டு டேபில் இரண்டு தேடலைத் திறந்து வைத்திருப்பவருக்கு ஒன்று மற்றதைக் கலைத்துவிடும்.

யூஆர்எல்லில் தமிழ்ப் பெயர்களைப் போடாமல் எண்களையோ சிறு குறிகளையோ போடுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 5. யூடிஎஃப்-8இல் அது 15 பைட். யூஆர்எல்லில் விழுக்காட்டுக் குறியோடு மாறும்போது 45 எழுத்து. நான்கு பதிப்பகப் பெயர்கள் சேர்ந்தாலே முகவரி திரைக்கு வெளியே ஓடும். ஒரே தொகுதியின் பல மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து ஒரே பெயரின் கீழ் வைத்தால் முகவரி சுருங்கும், மனிதர் கண்ணுக்கும் புரியும்.

படிக்கும் இடத்தில் வரும் தொல்லைகள் எல்லாம் சின்னவை, ஆனால் நிச்சயம் வருபவை. டிக் செய்யாத செக்பாக்ஸ் சர்வருக்கு வரவே வராது. காலியான எழுத்துப் பெட்டியோ காலி மதிப்போடு வந்து நிற்கும். இரண்டையும் ‘இந்த வடிகட்டி இல்லை’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பிஎச்பியில் செக்பாக்ஸ் பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி போட மறந்தால், பத்து டிக்கில் கடைசி ஒன்று மட்டும் வந்து சேரும். அதே பிஎச்பியில் ‘எம்ப்டி’ என்ற சோதனை, 0 என்ற மதிப்பையும் காலி என்றே சொல்லும். இலவச மின்னூல்களைப் பார்க்க அதிகபட்ச விலை 0 என்று போட்டவருக்கு முழுக் கடையும் விரியும்.

விலைப் பெட்டியில் மக்கள் ‘1,200’ என்று காற்புள்ளியோடு தட்டுவார்கள். பிஎச்பியின் முழு எண் மாற்றமும் ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட்டும் அதை 1 என்று படிக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது, முடிவு மட்டும் தவறாக இருக்கும். எண்ணாக மாற்றுவதற்கு முன் காற்புள்ளி, இடைவெளி, ரூபாய்க் குறி மூன்றையும் நீக்கிவிடுங்கள். எண்ணுக்கான சிறப்புப் பெட்டியைவிட, சாதாரண எழுத்துப் பெட்டிக்கு எண் விசைப்பலகையை வரச்செய்யும் இன்புட்மோட் பண்பைக் கொடுப்பது நல்லது. எண் பெட்டி தனக்குப் பிடிக்காத மதிப்பை ஸ்கிரிப்டுக்குக் காலியாகத்தான் தரும். சில பிரௌசர்களில் மவுஸ் சக்கரம் உருண்டால் விலையும் சேர்ந்து உருளும். குறைந்தபட்சம் 500, அதிகபட்சம் 200 என்று யாராவது போட்டால் திட்ட வேண்டாம், இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் அதைத் தள்ளிவிட வேண்டும். ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. வந்த மதிப்புகள் எல்லாமே செல்லாதவை என்றால், தள்ளிய பிறகு தொகுதி காலியாகும். காலி என்றால் ‘வடிகட்டி இல்லை’ என்று நாமே சொல்லி வைத்திருக்கிறோம். ஆக மூடப்பட்ட ஒரு பதிப்பகத்தின் பழைய இணைப்பைச் சொடுக்கியவருக்குப் பத்தாயிரம் புத்தகமும் வரும். ‘வரவில்லை’, ‘வந்தது ஆனால் செல்லாது’ இரண்டையும் வேறுவேறாக வைத்து, இரண்டாவதற்கு ‘இந்தத் தேர்வு இப்போது இல்லை’ என்று ஒரு வரி காட்டுவது சரியாக இருக்கும்.

குவெரி கட்டுதல்

முறை எளிது. நிபந்தனைகளுக்கு ஒரு பட்டியல், அவற்றின் மதிப்புகளுக்கு ஒரு பட்டியல். வந்திருக்கும் வடிகட்டிகள் மட்டும் தத்தம் நிபந்தனையை முதலாவதிலும் மதிப்பை இரண்டாவதிலும் போடும். கடைசியில் நிபந்தனைகளை ‘அண்ட்’ போட்டு இணைக்க வேண்டும். எதுவுமே இல்லையென்றால் ‘வேர்’ பகுதியே வராது. மதிப்பு எதுவும் நேராகக் குவெரி வாசகத்துக்குள் போகக் கூடாது, அதன் இடத்தைப் பிடித்து வைக்கும் கேள்விக்குறி வழியாகத்தான் போக வேண்டும். தட்டும் மதிப்புக்குள் குவெரித் துண்டை ஒளித்து அனுப்பும் எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் தாக்குதலுக்கு இதுதான் பூட்டு.

ஆனால் அந்தப் பூட்டு எல்லாக் கதவுக்கும் பொருந்தாது. புலத்தின் பெயரைக் கேள்விக்குறியில் அனுப்ப முடியாது. வரிசைப்படுத்தும் புலத்தை அப்படி அனுப்பினால் மைசீக்குவல் டேட்டாபேஸ் அதை வெறும் எழுத்துச் சரமாக எடுத்துக்கொண்டு, பிழையும் சொல்லாமல், வரிசையும் படுத்தாமல் திருப்பித் தரும். ‘விலை ஏறுமுகம்’, ‘புதியது முதலில்’ போன்ற நான்கைந்து சொற்களுக்கு எந்தப் புலம், எந்தத் திசை என்று கோடுக்குள்ளேயே ஒரு அட்டவணை வைத்து, அதில் இருப்பதை மட்டும் அனுமதியுங்கள். ‘இந்த மதிப்புகளில் ஏதாவது ஒன்று’ எனக் கேட்கும் ‘இன்’ நிபந்தனைக்கு எத்தனை மதிப்போ அத்தனை கேள்விக்குறி வேண்டும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு அரேயை (மதிப்புகளின் தொடரை) அனுப்பி ‘எனி’ என்று கேட்டால் ஒன்றே போதும். காலி ‘இன்’ மைசீக்குவலிலும் போஸ்ட்கிரெஸிலும் இலக்கணப் பிழை. எழுத்துத் தேடலில், பகுதிப் பொருத்தம் பார்க்கும் ‘லைக்’ பயன்படுத்தினால், வாசகர் தட்டும் விழுக்காட்டுக் குறியையும் அடிக்கோட்டையும் வெறும் எழுத்தாகக் கொள்ளும்படி எஸ்கேப் செய்ய மறக்காதீர்கள். விழுக்காட்டுக் குறியை மட்டும் தட்டினால் எல்லாப் புத்தகமும் பொருந்தும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஜாயின், அதாவது இரண்டு அட்டவணைகளை இணைத்துக் கேட்பது. ஒரு புத்தகத்துக்கு இரண்டு வகை இருக்கலாம்: நாவல், வரலாறு. வகை அட்டவணையை ஜாயின் செய்து இரண்டையும் கேட்டால் அந்தப் புத்தகம் இரண்டு வரியாக வரும். பக்கத்துக்கு 20 என்று வைத்திருந்தால் 20 வரியில் 17 புத்தகம்தான் இருக்கும், மொத்த எண்ணிக்கையும் ஊதிப்போகும். ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மூடி மறைக்கலாம், ஆனால் எழுத்தாளர், குறிச்சொல் என்று இன்னும் இரண்டு ஜாயின் சேரும்போது வரிகள் பெருக்கல் கணக்கில் ஏறும். ‘எக்ஸிஸ்ட்ஸ்’ துணைக் குவெரியாக எழுதுங்கள்: இந்தப் புத்தகத்துக்கு இந்த வகைகளில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? ஒரு புத்தகம், ஒரு வரி. ‘எல்லாக் குறிச்சொல்லும் வேண்டும்’ என்னும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘எக்ஸிஸ்ட்ஸ்’.

‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத புலம், தனி உபத்திரவம். பழைய புத்தகங்கள் பலவற்றில் பதிப்பு ஆண்டு இருக்காது. ஆண்டு 1950 முதல் 2024 வரை என்று ஸ்லைடரின் முழு வரம்பையும் நிபந்தனையாக அனுப்பினால் ஆண்டில்லாத புத்தகங்கள் அத்தனையும் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஸ்லைடர் அதன் இரு ஓரத்திலும் நிற்கிறதென்றால் அந்த வடிகட்டியை அனுப்பவே கூடாது. ‘ஆண்டு தெரியாதவை’ என்று தனியே ஒரு செக்பாக்ஸ் வைப்பதும் பழைய புத்தகக் கடைக்காரர்கள் விரும்பிக் கேட்கும் விஷயம்.

வரிசைப்படுத்தலின் கடைசியில் எப்போதும் புத்தக எண்ணையும் சேர்த்துவிடுங்கள். ஒரே விலையில் 60 புத்தகங்கள் இருந்தால் அவற்றின் வரிசைக்கு டேட்டாபேஸ் எந்த உத்தரவாதமும் தராது. முதல் பக்கத்தில் பார்த்த புத்தகம் இரண்டாம் பக்கத்திலும் வரும், வேறொன்று எந்தப் பக்கத்திலும் வராது. வடிகட்டியை மாற்றினால் பக்க எண் 1க்குத் திரும்ப வேண்டும் என்பதும் இதே ரகம்.

வேர்ட்பிரஸில் கட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்டா புலங்களின் (பதிவோடு நாம் கூடுதலாகச் சேர்க்கும் தகவல்களின்) மதிப்பு எழுத்தாகவே சேமிக்கப்படுகிறது, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸும் அதற்குக் கிடையாது. மதிப்பின் வகை ‘எண்’ என்று மெட்டா குவெரியில் சொல்லாவிட்டால் ஒப்பீடு எழுத்து வரிசையில் நடக்கும். 1000 என்பது 200ஐவிடச் சிறியதாகிவிடும். ஒவ்வொரு மெட்டா நிபந்தனையும் ஒரு ஜாயின் வேறு. ஐந்து நிபந்தனைக்கு மேல் போகும் தளத்துக்கு வடிகட்டும் புலங்களை மட்டும் தனி அட்டவணையில் எடுத்து வைப்பதே பிழைக்கும் வழி.

பக்கத்தில் போடும் எண்

ஒவ்வொரு பதிப்பகப் பெயருக்கும் பக்கத்தில் (40), (25) என்று எண் போடுவது வாசகருக்குப் பெரிய உதவி. பல தளங்கள் இதைத் தவறாகவும் போடுகின்றன. நாவல் வகையில் முதல் பதிப்பகத்துக்கு 40, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 10 இருக்கின்றன என்று வையுங்கள். வாசகர் முதலாவதை டிக் செய்கிறார். எல்லா நிபந்தனையையும் வைத்து எண்ணினால் மற்ற இரண்டும் 0 ஆகும். ஆனால் ஒரே தொகுதிக்குள் ‘அல்லது’ என்றுதானே வைத்தோம்? இரண்டாவதையும் டிக் செய்தால் 25 கூடும். அந்த 25தான் அங்கே தெரிய வேண்டும்.

ஆக விதி இது: ஒரு தொகுதியின் எண்களை எடுக்கும்போது அந்தத் தொகுதியின் சொந்த நிபந்தனையை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ஐந்து தொகுதி என்றால் மதிப்புவாரியாகத் தொகுத்து எண்ணும் ‘குரூப் பை’ குவெரி ஐந்து, முடிவுகளுக்கு ஒன்று, மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று. நிபந்தனை கட்டும் ஃபங்ஷன் ‘இந்தத் தொகுதியைத் தவிர’ என்று ஒரு பேராமீட்டர் வாங்கிக்கொண்டால் போதும். முதலில் சொன்ன பட்டியல் இங்கேதான் தன் கூலியைத் தருகிறது. ‘மற்றும்’ வகைத் தொகுதிக்கு இந்த விதி பொருந்தாது, அங்கே சொந்த நிபந்தனையும் சேர வேண்டும்.

எண் 0 ஆகும் தேர்வுகளை மறைக்காமல் மங்கலாகக் காட்டுவதே நல்லது. மறைத்தால் பட்டியல் ஒவ்வொரு சொடுக்குக்கும் குதிக்கும். ஏற்கெனவே டிக் செய்ததை எண் 0 ஆனாலும் மறைக்கவோ முடக்கவோ கூடாது, அப்புறம் அதை எடுப்பது எப்படி? வகைக்குள் உட்பிரிவு என்று ஒன்றைச் சார்ந்து ஒன்று இருந்தால், மேலே மாறியதும் கீழே உள்ளது காலியாக வேண்டும். இல்லையென்றால் ‘சமையல்’ வகையில் ‘துப்பறியும் நாவல்’ தேடிக்கொண்டிருப்பார்கள்.

தமிழ் எழுத்து

ஆங்கிலத் தளத்துக்கு எழுதிய படிவத்தை அப்படியே கொண்டுவந்தால் உடையும் இடம் இது. ‘கொ’ என்பதை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகச் சேமிக்கலாம். ககரம், எகரக் குறி, துணைக்கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கம் இதைச் சரிசெய்யும். பிஎச்பியின் இன்ட்ல் நீட்சி, பைத்தானின் யூனிகோட்டேட்டா, போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதன் சொந்த ஃபங்ஷன் என்று எல்லா இடத்திலும் வசதி இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே ஃபங்ஷன் வழியாகப் போக வேண்டும் என்பதுதான் முக்கியம்.

என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. ‘கௌதமன்’ என்று எழுத வேண்டியதைப் பாதிப் பேர் எகரக் குறியும் ளகரமும் போட்டு ‘கெளதமன்’ என்று தட்டுகிறார்கள். ‘ெள’ என்பதை எல்லாம் ஔகாரக் குறியாக மாற்றினால் ‘வெள்ளம்’ கெட்டுவிடும். எதிர்த்திசையில் போங்கள்: தேடலுக்கென்று தனியாக ஒரு புலம் வைத்து, அதில் மட்டும் ஔகாரத்தை எல்லாம் ‘ெள’ ஆக்கிவிடுங்கள். வாசகர் தட்டியதையும் அப்படியே. காட்டுவதற்கான தலைப்பு தொடப்படாமல் இருக்கும். ‘ஸ்ரீ’க்கும் இதே வைத்தியம்: ஸகரத்தில் தொடங்கும் ஒன்றும் ஶகரத்தில் தொடங்கும் ஒன்றும் பல எழுத்துருக்களில் ஒரே வடிவம். தேடல் புலத்தில் ஏதாவது ஒன்றாக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகள், முற்றுப்புள்ளி, இடைக்கோடு, இடைவெளி எல்லாம் அந்தப் புலத்தில் போய்விட வேண்டும். அப்போதுதான் ‘உ.வே.சா.’, ‘உ. வே. சா’ இரண்டும் சேரும்.

ஒற்று மிகுதல் இன்னொன்று. ‘சிறுகதைத் தொகுப்பு’, ‘சிறுகதை தொகுப்பு’, ‘சிறுகதைத்தொகுப்பு’ மூன்றும் தட்டப்படும். இடைவெளியை நீக்கிய பிறகு க்க, ச்ச, த்த, ப்ப நான்கையும் ஒற்றையாக்கிவிட்டால் மூன்றும் ஒன்றாகும். பச்சை தேடினால் பசையும் வரும் என்பது இதற்குக் கொடுக்கும் விலை. அசல் தலைப்போடு அப்படியே பொருந்துவதை மேலே வைத்தால் பெரிதாக உறுத்தாது. பத்தாயிரம் தலைப்புக்கு இந்தப் புலத்தில் இருபுறமும் விழுக்காட்டுக் குறி போட்ட ‘லைக்’ போதுமானது. இண்டெக்ஸ் உதவாதுதான், இந்த அளவுக்கு அது தேவையும் இல்லை. போஸ்ட்கிரெஸ் 12இல் தமிழுக்குச் சொல்லடி பிரிக்கும் வசதி வந்தது. பின்னட்டைக் குறிப்பு போன்ற நீண்ட உரைக்கு அதைப் பயன்படுத்தலாம், தலைப்புக்கு அவசியமில்லை.

எழுத்தாளரைப் பெயரால் வடிகட்டக் கூடாது, எண்ணால்தான். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று டேட்டாபேஸுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஒரு எழுத்தாளர் எண்ணின் கீழ் பல பெயர்கள் இருக்கும் மாற்றுப்பெயர் அட்டவணை ஒன்று போதும். ஆங்கில எழுத்தில் தட்டப்படும் பலவகை எழுத்துக்கூட்டல்களையும் அதிலேயே போட்டுவிடலாம்.

அகரவரிசை: யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ழ-வுக்கு முன் ள என்று வரும். மெய்யெழுத்தின் புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘அமைதி’க்குப் பிறகே ‘அம்மா’ வரும். போஸ்ட்கிரெஸில் தமிழுக்கான ஐசியு கொலேஷனை (வரிசை விதிகளை) கொடுத்தால் அகராதி வரிசை கிடைக்கும். மைசீக்குவலில் தமிழுக்கென்று தனிக் கொலேஷன் இல்லை. அங்கே வரிசைக்கென்று ஒரு புலத்தை நாமே கணக்கிட்டு வைக்க வேண்டும்.

பிரௌசர் பக்கம்

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே ‘தேடு’ பொத்தானோடு படிவம் முழுமையாக வேலை செய்ய வேண்டும், மற்றது மேல்பூச்சு. எழுத்துப் பெட்டிக்கு 300 மில்லிவினாடி காத்திருந்து அனுப்புங்கள். முந்தைய கோரிக்கையை ஜாவாஸ்கிரிப்டின் அபார்ட் கண்ட்ரோலர் கொண்டு ரத்து செய்யாவிட்டால், மெதுவாக வந்த பழைய பதில் புதிய பதிலின் மேல் உட்கார்ந்துகொள்ளும். டிக் ஒன்று சொல்லும், முடிவு வேறொன்று சொல்லும். செக்பாக்ஸ் மாறும்போது பிரௌசர் வரலாற்றில் புதிய பதிவு சேர்க்கலாம். எழுத்து தட்டும்போது இருக்கும் பதிவையே மாற்றுங்கள், இல்லையென்றால் பின்செல் பொத்தான் ஒவ்வொரு எழுத்தாக அழித்துக்கொண்டு போகும். ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது பழைய டிக்குகளைத் தானே நினைவில் வைத்துப் போடும், அவை யூஆர்எல்லோடு ஒத்துப்போகாது. படிவத்தில் ஆட்டோகம்ப்ளீட்டை அணைத்தால் அது நிற்கும்.

கைபேசியில் ஒவ்வொரு டிக்குக்கும் முடிவைப் புதுப்பிப்பது தொல்லை. வடிகட்டிகள் கீழிருந்து எழும் பலகையில் இருக்கட்டும். பொத்தானில் மட்டும் ‘37 புத்தகங்களைக் காட்டு’ என்று எண் மாறிக்கொண்டே வரட்டும். அந்த எண்ணைத் திரைவாசிப்பானும் சொல்லும்படி ஏரியா-லைவ் பண்பு கொடுக்க வேண்டும்.

இண்டெக்ஸைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அதிகம் பயன்படும் இரண்டு மூன்று சேர்க்கைகளுக்குப் போடுங்கள். சமம் பார்க்கும் புலங்கள் முன்னால், வரம்பு பார்க்கும் விலை கடைசியில். எலாஸ்டிக்சர்ச் போன்ற தனித் தேடல் மென்பொருள்களைப் பத்தாயிரம் தலைப்புக்கு நிறுவுவது, பராமரிக்க ஆளில்லாத இன்னொரு சர்வரை வாங்கிக்கொள்வதுதான்.

தேடுபொறிகளின் ரோபோக்களை மறந்தால் சர்வர் மூச்சுத் திணறும். 20 செக்பாக்ஸுக்குச் சாத்தியமான சேர்க்கைகள் 10,48,576. ஒவ்வொரு வடிகட்டியையும் இணைப்பாக எழுதியிருந்தால் ரோபோ அத்தனையையும் சொடுக்கிப் பார்க்கப் புறப்படும். வகை, எழுத்தாளர் பக்கங்களுக்கு மட்டும் சுத்தமான இணைப்பு கொடுத்து, மற்றவற்றைப் படிவச் செக்பாக்ஸாகவே விடுங்கள். சேர்க்கைப் பக்கங்களுக்கு, தேடுபொறியில் காட்ட வேண்டாம் என்று சொல்லும் நோஇண்டெக்ஸ் போடுவதென்றால் அதே பக்கங்களை, ரோபோ எங்கே போகக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கக் கூடாது, தடுத்த பக்கத்தில் எழுதியிருப்பதை ரோபோ படிக்க வழியில்லை.

கடைசியாக ஒரு சிறு அட்டவணை: முடிவு 0 வந்த ஒவ்வொரு தேடலின் யூஆர்எல்லும் நேரமும். ஆளை அடையாளம் காட்டும் எதுவும் வேண்டாம். வாரம் ஒருமுறை அதைத் தொகுத்துப் பார்த்தால், திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கூட்டல்கள் மாற்றுப்பெயர் அட்டவணைக்குப் போகும், ஒன்றோடொன்று முரண்படும் வடிகட்டிச் சேர்க்கைகள் பட்டியலில் திருத்தப்படும், மீதமிருப்பவை பெரும்பாலும் கடையில் இல்லாத புத்தகங்கள். அவற்றைக் கொள்முதல் செய்பவரிடம் கொடுத்துவிடலாம்.